குமரி மாவட்டக் காட்டுயிர்களின் ஒட்டுண்ணிகள்: காடா, துறைமுகமா, குளத்தங்கரையா?

விலங்கியல் முதுகலை மாணவர்களும், ஆய்வுப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களும், ஊர்ப் பறவைக் குழுக்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "நம்ம மாவட்டத்துக் காட்டு விலங்குகளில் என்னென்ன ஒட்டுண்ணிகள் இருக்கின்றன என்று பார்க்க ஆசை. எங்கே தொடங்கலாம்?" கேட்கும்போதே அவர்கள் மனத்தில் யானையும் மிளாவும் காட்டுமாடும் நின்றுகொண்டிருக்கும். கையில் இருப்பதோ கல்லூரி நுண்ணோக்கி ஒன்று, ஆறு மாதமோ இரண்டு வருடமோ அவகாசம், பயணச் செலவுக்குக் கொஞ்சம் பணம். இந்த நிலையில் எந்த வழி எதைத் தரும், எதைத் தராது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்கைத் துரத்திப் போகிற வழிகள் எல்லாம் சின்னக் குழுவுக்குக் கட்டுப்படியாகாது. பெரும்பாலான ஒட்டுண்ணிகள் தம் வாழ்வின் ஒரு பகுதியை அந்த விலங்குக்கு வெளியே கழிக்கின்றன. முட்டையாக எச்சத்தில், குஞ்சுப் பருவமாக நத்தைக்குள், பசித்த உண்ணியாகப் புல் நுனியில். நாம் போய் நிற்க வேண்டியது அந்த இடங்களில்தான். அவற்றிலும் எதை முதலில் எடுப்பது என்பதில்தான் சிக்கல்.

அதற்கு முன்னால் சட்டத்தைப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் பாதி முடிவை எடுப்பது அதுதான். மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,680 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர், 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 28ஆவது பிரிவுப்படி, ஆய்வுக்காகச் சரணாலயத்துக்குள் போக தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அங்கிருந்து எதையும் அனுமதியில்லாமல் எடுத்து வரக்கூடாது. எச்சத்துக்கும் அதே விதிதான். 39ஆவது பிரிவுப்படி, செத்துக் கிடக்கும் காட்டு விலங்கும் அரசின் சொத்து. ரோட்டில் அடிபட்ட மயிலைப் பையில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுபோனால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். விண்ணப்பித்து அனுமதி வர மாதக்கணக்கில் ஆகலாம். ஆறு மாதத் திட்டத்தில் அதை நம்பி உட்கார்ந்தால், அனுமதி வரும்போது திட்டம் முடிந்திருக்கும்.

சரி, எல்லாரும் முதலில் சொல்கிற வழி, எச்சம் பொறுக்குவது. ஆனைப் பிண்டம், மிளாப் புழுக்கை, குரங்கு எச்சம் என்று எதை எடுத்தாலும் விலங்கைத் தொட வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம், அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை. கருவிகளும் எளிமை. அடர்த்தி 1.20 அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில் எச்சத்தைக் கலக்கி வைத்தால் உருளைப்புழு முட்டைகளும் நாடாப்புழு முட்டைகள் பலவும் மேலே மிதந்து வரும். கண்ணாடிச் சில்லில் ஒட்டி எடுத்துப் பார்க்கலாம். மெக்மாஸ்டர் தட்டு இருந்தால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்றும் எண்ணலாம்.

ஆனால் இதில் இருக்கும் ஓட்டைகளை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கல்லீரல் தட்டைப்புழு போன்றவற்றின் முட்டை கனமானது, உப்புநீரில் மிதக்காது. அதற்குத் தனியாக வண்டல் முறை (நீரில் கலக்கி, அடியில் படிவதை எடுத்துப் பார்ப்பது) செய்ய வேண்டும். மிதவை முறையை மட்டும் செய்துவிட்டு "தட்டைப்புழு இல்லை" என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. அடுத்து, மண்ணில் இயல்பாக வாழும் நூற்புழுக்கள் சில மணி நேரத்திலேயே எச்சத்துக்குள் புகுந்துவிடும். அதனால் புதிய எச்சமாக, மண் படாத உட்பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். பெரிய சிக்கல் இன்னொன்று. மிளா, காட்டுமாடு, மேய்ச்சல் மாடு ஆகியவற்றின் குடலில் இருக்கும் ஸ்ட்ராங்கைல் வகை உருளைப்புழுக்களில் பலவற்றின் முட்டைகளை உருவத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. முட்டையைப் பொரிக்க வைத்து மூன்றாம் பருவக் குஞ்சுப்புழு வரை வளர்த்தால் பேரினம் வரை போகலாம், அவ்வளவுதான். எச்சத்தை வைத்துப் புழுவின் இனத்தைச் சொல்வது, குப்பைத் தொட்டியைப் பார்த்து அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்வது மாதிரி. குடும்பம் பெரிதா சிறிதா என்று சொல்லலாம். பெயர் சொல்ல முடியாது.

முட்டை வெளியேறுவதும் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் எச்சத்தில் முட்டை இல்லை என்பதால் விலங்குக்குள் புழு இல்லை என்று ஆகாது. போதாததற்கு, காட்டில் கிடக்கும் பத்துக் குவியலும் பத்து மிளாவுடையதா, மூன்று மிளாவுடையதா என்பதும் தெரியாது.

இந்தக் கடைசிச் சிக்கலுக்கு விதிவிலக்கு நாட்டுக்குரங்கு. கூட்டத்தின் பின்னால் காலையில் நடந்தால் எது பெண், எது குட்டி, எது எச்சமிட்டது என்று கண்ணால் பார்க்கலாம். பேச்சிப்பாறை, காளிகேசம் பக்கம் சுற்றுலாவினர் தருவதைத் தின்று பழகிய கூட்டங்களையும், மனித நடமாட்டம் குறைந்த இடத்துக் கூட்டங்களையும் ஒப்பிட்டால் நல்ல கேள்வி ஒன்று தானாகவே அமையும். சாட்டைப்புழு, ஸ்ட்ராங்கிலாய்டஸ் போன்றவை குரங்கிலும் உண்டு, மனிதரிலும் உண்டு. ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஃபுல்லபோர்னி என்ற குரங்குப் புழு மனிதரையும் தொற்றும். இரண்டு வருடமும் வழிகாட்டியும் இருந்தால் நான் எச்சத்தில் இதைத்தான் தேர்வேன். யானையை அல்ல. யானைப் பிண்டத்தில் புழு நிறையக் கிடைக்கும், படமும் அழகாக வரும். ஆனால் எண்ணிக்கை போதாமல் எந்த முடிவுக்கும் வர முடியாது.

சாலையில் அடிபட்ட விலங்குகளை அறுத்துப் பார்ப்பது அடுத்த வழி. புழு முழுசாகக் கையில் கிடைக்கும். இனம் வரை பெயர் சொல்லலாம். சாரைப்பாம்பின் உடலில் கிடைக்கும் நாக்குப்புழுவை வேறு எந்த வழியில் பார்க்கப் போகிறோம்? ஆனால் அனுமதி வாங்கிய பிறகும் இதில் ஒரு கோணல் உண்டு. சாலையில் எது அடிபடுகிறது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. கீரி, சாரை, மரநாய் கிடைக்கும், கருமந்தி கிடைக்காது. நோயுற்றுத் தளர்ந்த விலங்கு சுலபமாக அடிபடலாம் என்பதால், அதில் கண்ட தொற்று விகிதத்தைக் காட்டில் இருப்பவற்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. கீரி என்றால் வெறிநோய் பயமும் சேர்ந்துகொள்ளும். தடுப்பூசி போடாத மாணவரை அந்த மேசைக்குப் பக்கத்தில் விடவே கூடாது. வனத்துறையும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து செய்கிற பிரேதப் பரிசோதனையில் ஒரு ஓரமாக நின்று புழுக்களை மட்டும் வாங்கிக்கொள்ள முடிந்தால் பெரிய வரம். நமக்கு அருகில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி திருநெல்வேலியில் இருக்கிறது. இந்த வேலைக்கு அங்கே ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொள்வது எல்லா வழியிலும் உதவும்.

பறவையின் ரத்தம் எடுத்துப் பார்ப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ரொனால்டு ராஸ் 1898இல் கல்கத்தாவில் மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள் வளர்ந்து கடி வழியாகப் பரவுவதைப் பறவைகளை வைத்துத்தான் நிறுவினார்; அந்த வகையில் இந்தியாவில் இதற்குப் பெருமையான வரலாறு உண்டு. ஆனால் இன்று வலை கட்டிப் பறவை பிடிக்கத் தனி அனுமதி வேண்டும், கைப்பழக்கம் வேண்டும். தவறாகப் பிடித்தால் பறவை செத்துப்போகும். தொடக்கக்காரர் இதைத் தொடவே வேண்டாம்.

உண்ணி சேகரிப்பது எளிது, ஆனால் விளையாட்டு இல்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்துக்கொண்டே போய், சில மீட்டருக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்து, ஒட்டியிருப்பதைக் கொறட்டால் எடுத்து ஆல்கஹாலில் போட வேண்டும். அவ்வளவுதான் முறை. குரங்குகளையும் மனிதரையும் கொல்லக்கூடிய வைரஸ் காய்ச்சலான கியாசனூர் காட்டுநோய் 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் கண்டறியப்பட்டது. அதைப் பரப்பும் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா மேற்குத் தொடர்ச்சி மலையின் உண்ணிதான். அந்த உண்ணியின் இளம்பருவம் மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் மழை ஓய்ந்து காடு காயும் மாதங்களில். ஆகவே முழுக்கால் சட்டை, காலுறைக்குள் சட்டை நுனி, வீட்டுக்கு வந்ததும் உடம்பு முழுக்கச் சோதனை ஆகியவற்றைத் தவிர்க்கவே முடியாது. குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டுக்குள் போகாமலே இந்த வேலையில் பாதியைச் செய்ய ஒரு வழி இருக்கிறது. காட்டோரம் மேய்ந்து வரும் ஆடுமாடுகளின் காது மடலிலும் மடிச் சந்திலும் இருக்கும் உண்ணிகளை, உரிமையாளரைக் கேட்டு எடுக்கலாம். அவருக்கும் மாட்டுக்கும் அதில் லாபம். காட்டு உண்ணி எவ்வளவு தூரம் ஊருக்குள் வந்திருக்கிறது என்று காட்ட அதுவே போதும். அழுங்கின் செதில் இடுக்கில் வாழும் ஆம்பிளியோமா ஜாவனென்ஸ் போன்றவை மட்டும் அப்படிக் கிடைக்காது.

துறைமுகத்தைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். "காட்டு விலங்கு என்று சொல்லிவிட்டு மீன் எதற்கு?" கடல் மீனும் யாரும் வளர்க்காத உயிர்தானே. ஒட்டுண்ணியியலை முறையாகக் கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் மாவட்டத்தில் கிடையாது. காரணம் ஒன்றே: முழு ஓம்புயிரியும், அதாவது ஒட்டுண்ணியைச் சுமக்கும் உயிரும், உங்கள் மேசையில் இருக்கிறது. செவுளில் ஒட்டிய தட்டைப்புழு, வாய்க்குள் உட்கார்ந்திருக்கும் சைமோதோயிட் பேன், குடலில் முள்தலைப்புழு, வயிற்றறையில் சுருண்டு கிடக்கும் அனிசாக்கிட் குஞ்சுப்புழு என்று எல்லாவற்றையும் எண்ணலாம். எத்தனை மீனில் தொற்று, தொற்றிய மீன் ஒன்றுக்கு எத்தனை புழு என்ற இரண்டு எண்களும் ஐயமில்லாமல் கிடைக்கும். எச்சத்தில் இந்த இரண்டில் ஒன்றுகூட உறுதியாகக் கிடைக்காது. பெரும்பாலான புழுக்கள் ஒரு சில மீன்களுக்குள்தான் குவிந்திருக்கும், மிச்ச மீன்கள் சுத்தமாக இருக்கும் என்பதையும் கண்ணாலேயே பார்ப்பீர்கள். சராசரியை நம்பக்கூடாது என்று பாடப்புத்தகம் சொல்வதன் அர்த்தம் அப்போதுதான் உறைக்கும்.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. குமரி மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் தவிர, ஒரு பக்கம் மூடியிருந்தால் மறுபக்கம் படகு வரும். இரு கடல் மீன்களை ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒப்பிடலாம். ஆனால் வாரக்கணக்கில் ஐஸில் கிடந்து வரும் ஆழ்கடல் படகு மீன் செவுள் புழுவுக்கு உதவாது; மீன் செத்துச் சில மணி நேரத்திலேயே அவை சிதையத் தொடங்கும். அன்றன்று போய்வரும் வள்ளத்து மீனை வாங்குங்கள். சாளை, அயலை, வாளை என்று மலிவானவையே போதும். தலையும் குடலும் மட்டும் கேட்டு வாங்கினால் எந்த மீனுடையது, எத்தனை மீனுடையது என்ற கணக்கு போய்விடும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது என்பதால் வழிகாட்டலுக்கும் தூரம் போக வேண்டாம். அப்புறம், வாளை வயிற்றில் புழுவைப் பார்த்துவிட்டு வீட்டில் மீனை நிறுத்திவிட வேண்டாம். நன்றாக வெந்த மீனில் அது பிழைக்காது.

இனி நத்தை. யாரும் கேட்காத வழி இது. என் ஓட்டு இதற்குத்தான்.

நாரை, கொக்கு, நீர்க்காகம், தாழைக்கோழி போன்றவற்றின் குடலிலும் மற்ற உறுப்புகளிலும் வாழும் தட்டைப்புழுக்களின் முட்டை, எச்சத்தோடு நீரில் விழுகிறது. அதிலிருந்து வெளிவரும் குஞ்சு ஒரு நத்தைக்குள் நுழைந்து, அங்கே பல மடங்காகப் பெருகி, வாலுள்ள செர்க்காரியா என்ற வடிவில் நீரில் வெளியே நீந்துகிறது. பிறகு மீனையோ தலைப்பிரட்டையையோ வேறு நத்தையையோ பிடித்துக்கொண்டு, அதைத் தின்னும் பறவைக்குள் போகிறது. சில வகை நேராகத் தோலைத் துளைத்தே போய்விடும். அதாவது ஒரு குளத்து நத்தைகளைப் பார்த்தால், அந்தக் குளத்துக்கு வந்துபோகும் பறவைகளும் மாடுகளும் உள்ளே எதைச் சுமக்கின்றன என்று ஓரளவு தெரிந்துவிடும். ஒரு பறவையைக்கூடத் தொட வேண்டியதில்லை.

செய்முறைக்கு ஒரு பை நத்தையும் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்களும் போதும். ஒரு டம்ளருக்கு ஒரு நத்தை, குளோரின் இல்லாத நீர், சில மணி நேரம் வெளிச்சம். தொற்றிய நத்தையின் டம்ளரில் தூசு பறப்பதுபோலச் செர்க்காரியாக்கள் தெரியும். வால் பிளந்ததா, ஒற்றை வாலா, தலையில் முள்வளையம் உண்டா, கண்புள்ளி உண்டா என்று பார்த்தே குழு பிரிக்கலாம். சில வகை இரவில்தான் வெளிவரும் என்பதால் டம்ளரை மறுநாளும் பாருங்கள். முதிராத தொற்று இருக்கும் நத்தை ஒன்றையும் வெளியே விடாது. கடைசியில் ஓட்டை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நம் குளங்களில் தட்டையாகச் சுருண்ட இண்டோபிளானோர்பிஸ் எக்சஸ்டஸ், கூர்நுனி லிம்னியா, நீண்ட கோபுரம் போன்ற மெலனாய்ட்ஸ் ஆகியவற்றைத் தாமரை இலையின் அடியிலும் படித்துறைக் கல்லிலும் தேடலாம். முதலாவதைக் கவனமாகக் கையாளுங்கள். மாட்டு ரத்தக் குழாயில் வாழும் சிஸ்டோசோமா தட்டைப்புழுக்களின் குஞ்சுப் பருவத்துக்கு அதுதான் வீடு. மாட்டின் மூக்கில் கட்டி வளர்ந்து குறட்டைபோல் மூச்சுவிட வைக்கும் சிஸ்டோசோமா நாசேல் இந்தியாவிலேயே கண்டறியப்பட்டு 1933இல் விவரிக்கப்பட்டது. இந்த வகைச் செர்க்காரியா மனிதத் தோலிலும் துளைக்கப் பார்க்கும். உள்ளே வாழ முடியாமல் செத்து, சொறியை மட்டும் விட்டுப் போகும். குளத்தில் இறங்கி வந்தபின் கால் அரிப்பதற்கு எல்லா நேரமும் அழுக்குத் தண்ணீர் காரணமில்லை. முழங்கால் உயர ரப்பர் காலணியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நத்தை வேண்டும்? நூற்றில் ஐந்துக்குத் தொற்று இருக்கும் குளத்தில் ஒன்றாவது கண்ணில் பட 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் 59 நத்தை பார்க்க வேண்டும். நூற்றில் ஒன்றுதான் என்றால் ஏறக்குறைய 300. இந்தக் கணக்கு எச்சத்துக்கும் மீனுக்கும் பொருந்தும். ஆனால் 300 நத்தை சேர்ப்பது அரை நாள் வேலை; 300 குரங்கு எச்சம் சேர்ப்பது ஒரு வருட வேலை. நான் நத்தைப் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இந்த எண்தான்.

குறையும் உண்டு. செர்க்காரியாவைப் பார்த்து அது எந்தப் பறவைக்குரியது என்று சொல்ல முடியாது; குழு வரைதான் போக முடியும். பாலூட்டிகளின் உருளைப்புழுக்களில் பெரும்பாலானவை பற்றி நத்தை ஒன்றும் பேசாது. குரங்கும் மிளாவும்தான் உங்கள் ஆசை என்றால் இது உங்களுக்கான வழி அல்ல. தேரூர், சுசீந்திரம், மணக்குடி பகுதியும் வேம்பனூரும் பாதுகாக்கப்பட்ட ஈரநிலங்கள். 2022இல் சுசீந்திரம் தேரூர் தொகுப்பும் வேம்பனூரும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே நத்தை எடுக்க வனத்துறையைக் கேட்க வேண்டும். அவற்றுக்கு வெளியே பாசனக் குளங்கள் ஏராளம். ஊராரிடமும் குளத்தைக் குத்தகை எடுத்துத் தாமரை வளர்ப்பவரிடமும் சொல்லிவிட்டு இறங்கினால் பிரச்சினை வராது. வலசைப் பறவைகள் வரும் அக்டோபர் முதல் மார்ச் வரையும், அவை போனபின் உள்ளூர்ப் பறவைகள் மட்டும் இருக்கும் மாதங்களும் என்று இரண்டு பருவமாகப் பிரித்துப் பார்த்தால் ஒப்பீடும் கிடைத்துவிடும். கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து நீர்மட்டம் இறங்கும்போது நத்தை ஓரத்தில் ஒதுங்கும், எடுப்பது சுலபம். ஆனால் அந்த நேரத்து எண்ணிக்கையை மழைக்கால எண்ணிக்கையோடு நேரடியாக ஒப்பிட்டுவிடாதீர்கள்.

டி.என்.ஏ. முறையை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்கலாம். எச்சத்திலிருந்தே புழுக்களின் பட்டியலை எடுத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் கிடைக்கும் வரிசையை ஒப்பிட, பெயர் தெரிந்த புழுவின் வரிசை தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். நம் காட்டு விலங்குப் புழுக்களில் பலவற்றுக்கு அது இல்லை. "ஏதோ ஒரு ஸ்ட்ராங்கைல்" என்ற பதிலுக்கு ஆய்வகக் கட்டணம் கட்டிய மாதிரி ஆகிவிடும். இதைத் தனி வழியாக வைக்காமல் மற்ற வழிகளுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். செர்க்காரியாவின் குழு தெரிந்தபின் இரண்டு மூன்றை மட்டும் அனுப்பிப் பார்ப்பது வீணாகாது.

ஆக, ஆறு மாதமும் ஒரு நுண்ணோக்கியும் இருப்பவர் நத்தையை எடுக்கட்டும். புள்ளியியலைக் கற்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தால் மீனை எடுக்கட்டும். இரண்டு வருடம் இருப்பவர் முதல் நாளே நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, குரங்கு எச்சத்துக்கான அனுமதி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, அது வரும்வரை குளத்தங்கரையில் வேலையைத் தொடங்கட்டும். பறவைக் குழுக்களுக்கு மாட்டு உண்ணியும் நத்தையும் பொருந்தும். அடிபட்ட விலங்கு, வனத்துறை கூப்பிட்டால் மட்டும்.

எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து வையுங்கள். உருவம் பார்க்க 10 சதவீத ஃபார்மலினில் ஒன்று, டி.என்.ஏ.வுக்கு 95 சதவீத ஆல்கஹாலில் ஒன்று. ஃபார்மலினில் போட்டது பின்னாளில் டி.என்.ஏ. வேலைக்குச் சரிவராது. இடம், தேதி, ஓம்புயிரி மூன்றையும் பென்சிலால் எழுதிய சீட்டு புட்டிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். பெயர் உறுதியான புழுக்களில் ஒரு தொகுதியைச் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்தில் ஒப்படைக்க முடியுமா என்று முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். அவர்கள் எந்த முறையில் பதப்படுத்தச் சொல்கிறார்களோ அப்படியே தொடக்கத்திலிருந்து செய்துவிடலாம்.